மைக் அண்ணாச்சியின் ஆயிரம் பக்கம்

குற்றாலத்துக்கு வந்து தொலைந்துபோய், மைக் அண்ணாச்சியால் கண்டுபிடிக்கப்படாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. கேரளத்தில் ஒன்றிரண்டு பேர் மிச்சம் இருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர்களையும் மலையாளத்தில் கூப்பிட்டு வரவழைத்துவிட்டார். அவருடைய மலையாளத்துக்குப் பயந்தே பாதிப் பேர் ஓடி வந்துவிடுவார்கள் என்று செங்கோட்டையில் சொல்லுவார்கள். அது பொறாமையில் சொல்வது.

அவர் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். வாடகை மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் மைக் அண்ணாச்சி. கோவில் கொடை, கல்யாணம், கடைத் திறப்பு, எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால், அருவிக்கரையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஆவணி முடிகிற வரைக்கும் அவரை எழுப்ப முடியாது.

மற்ற ஊர்களில் அறிவிப்பு என்றால், சிவப்புச் சட்டை போட்ட சிறுவன், இன்ன பெயர், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அது போதாது. பதறிக்கொண்டு வந்தவரை உட்காரவைத்து, சுக்குக் காப்பி வாங்கிக்கொடுத்து, குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் மைக்கைக் கையில் எடுப்பார். ஒருமுறை ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்றில் மருமகனைக் காணவில்லை. அண்ணாச்சி அறிவித்தது இது:

“ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கும் முருகேசன் அவர்களே, உங்கள் மாமியார் மைக் அருகே நிற்கிறார். காலையில் காரில் வைத்து உங்களைச் சொன்னதெல்லாம் கோபத்தில் சொன்னதாம். மனதில் ஒன்றும் இல்லையாம். உடனே மைக் அருகே வரவும்.”

அருவிக்குள் நின்ற கூட்டம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு மனிதர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “நீங்கதானா மாப்ள? போங்க, பாவம், பெரியமனுசி எவ்வளவு நேரம் நிப்பாவ” என்று வழிவிட்டு அனுப்பியும் வைத்தார்கள். அப்படி ஒரு சமாதானத்தை எந்தக் கோர்ட்டும் பண்ணிவைக்க முடியாது.

அண்ணாச்சிக்கு ஒரு வேதம் உண்டு. எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்வார்:

“மொத தடவ சொன்னத அருவி முழுங்கிரும்லே. ரெண்டாவது தடவைக்குத்தான் ஆளு திரும்பிப் பாப்பான். மூணாவது தடவைக்குத்தான் காலு நவுரும்.”

மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. முதல் தடவை பதற்றமாக, வீட்டில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை நிதானமாக, அங்க அடையாளம் எல்லாம் சொல்லி, யாருக்கு யார் என்ன உறவு என்பது வரை வரும். மூன்றாம் தடவை மிரட்டல். இதற்கு மேலும் வராவிட்டால் உங்கள் குடும்பத்தார் வேன் ஏறிவிடுவார்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்று முடிப்பார்.

இந்தப் பழக்கம் ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டீக்கடைக்குப் புதிதாக வந்த மாஸ்டர், அண்ணாச்சி மூன்று தடவை டீ சொன்னதைக் கேட்டு மூன்று டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி மூன்றையும் குடித்துவிட்டுப் போனார். கேட்டதைத்தானே கொடுத்தான், அவன்மேல் என்ன தப்பு என்றார். பேருந்தில் இதேபோல் செங்கோட்டைக்கு மூன்று டிக்கெட் கிழிக்கப்பட்டபோது, மிச்சம் இரண்டையும் செங்கோட்டைக்குப் போகிற இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆளைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த வேலை.

நான் தென்காசியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். படிப்பு அவ்வளவாக இல்லை. பிறருடைய மனுக்களை அடித்து அடித்துத் தமிழ் கற்றுக்கொண்டவன். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஆனி மாதத்து மத்தியானம், துணிக்கடைப் பை நிறையக் காகிதத்தோடு அண்ணாச்சி உள்ளே வந்தார்.

“தம்பி, ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். அச்சுப் போடணும்” என்றார். குரல், அம்மியில் மணலை அரைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை சொன்னபோது பாதி வார்த்தை வந்தது. மூன்றாவது தடவை வெறும் காற்று.

தொண்டைக்குள் ஒரு வளர்த்தி. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். ஆவணியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு சத்தம் வந்தாலும் வரும், வராமல் போனாலும் போகும். அதுவரை தொண்டையை அலட்டக் கூடாது. அதனால் அந்த சீசனுக்கு மைக்கை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அண்ணாச்சிக்கு ஊர் முழுக்கக் கேட்கிற காது உண்டு, வீட்டில்தான் இல்லை. மதினி, அதாவது அவர் மனைவி, பீடி சுற்றுகிறவர். கையும் கண்ணும் தட்டில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதில் அண்ணாச்சி தன் அருவிக்கரைக் கதைகளை எத்தனையோ வருடமாக ஊற்றப் பார்த்திருக்கிறார். மதினி ஒரே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

“நீங்க சொல்லச் சொல்லக் கத மாறுது. போன வருசம் அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வயசுன்னிய, இப்ப மூணு வயசுங்கிய. அடுத்த வருசம் பெறந்தே இருக்காது. அச்சுல ஏத்திக் கொண்டாங்க. அதுக்குமேல மாத்த முடியாதுல்லா. அப்பக் கேக்கேன்.”

இதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி பையை என் மேசைமேல் வைத்தார்.

“என் சத்தம் இருக்கும்போதே அவளுக்குப் படிச்சிக் காட்டிரணும்லே. மிச்சம் இருக்க சத்தத்த அதுக்குத்தான் வச்சிருக்கேன்” என்றார். இதை மட்டும் மூன்று தடவை சொல்லவில்லை. தொண்டையை மிச்சம் பிடிக்கிறாராம்.

ஆக, ஆவணிக்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும். தலைப்பு ஏற்கெனவே தயார். ‘உடனே மைக் அருகே வரவும்.’

முதலில் அச்சகங்களை விசாரித்தோம். எல்லாரும் நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். அத்தனை புத்தகத்தை எங்கே வைப்பது? அண்ணாச்சி வீடு ஒரே கூடம். அதிலும் பாதி பீடி இலைக்கு. இலை காய்ந்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார்கள். அந்த ஈரமும் குற்றாலத்துச் சாரலும் சேர்ந்தால் புத்தகத்தில் காளான் முளைக்கும். அதுவும் போக, இலஞ்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கவிதைப் புத்தகம் ஆயிரம் அடித்த கதை எங்களுக்குத் தெரியும். பார்க்கிற கல்யாணத்துக்கெல்லாம் அதைத்தான் பரிசு கொடுக்கிறார். சப்பட்டையாக ஒரு பொட்டலத்தோடு அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடைக்கு விடாமல் நேரே பந்திக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். இப்போது வேறு ஒரு வழி இருக்கிறது அண்ணாச்சி, ஃபைலை மட்டும் கம்பெனிக்கு அனுப்பி வைத்தால் போதும், யாராவது புத்தகம் கேட்டால் அப்போது ஒன்று அடித்து அனுப்புவான், பத்துப் பேர் கேட்டால் பத்து அடிப்பான், யாருமே கேட்காவிட்டால் அடிக்கவே மாட்டான் என்று.

அண்ணாச்சி யோசித்தார். “புரோட்டாக் கடை மாதிரியா? ஆளு உக்காந்த பெறவுதான் கல்லுல போடுவானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்பச் சரி. ஆறிப்போனத எவன் திம்பான்.”

இப்படியாகப் புரோட்டா முறை அச்சு என்று முடிவானது. எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதுதான் பிரச்சினை. இணையத்தில் தேடினால் வரிசையாக வந்தார்கள். நான் ஒவ்வொருவனையும் பார்த்து, பக்கத்துக்கு என்ன விலை, என்ன தாள், எழுதியவருக்கு என்ன பங்கு, எத்தனை நாளில் வரும் என்று ஒப்பிட்டு வைத்தேன். அண்ணாச்சி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஐ.எஸ்.பி.என். எண் என்று ஒன்று வருகிறதே, அது என்ன என்று மட்டும் கேட்டார். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அந்த எண்ணை வைத்து இன்ன புத்தகம் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நான் விளக்கினேன். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப அது அங்க அடையாளம். அத முதல்ல வாங்கிரு” என்றார்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த அளவுகோல் வேறு. ஃபோன் போட வேண்டும். எடுத்துப் பேசுகிற குரலைக் கேட்க வேண்டும். குரலில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரலை வைத்தே பிழைத்தவர், வேறு எதை நம்புவார்?

முதல் கம்பெனியில் பதிவுசெய்த குரல் ஒன்று எடுத்தது. தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும் என்றது. அண்ணாச்சி மரியாதையாக, “வணக்கம்மா, நான் குத்தாலத்துல இருந்து பேசுதேன்” என்று ஆரம்பித்தார். அது பாட்டுக்கு அடுத்த எண்ணைச் சொன்னது. இவர் நிறுத்திக்கொண்டு, அது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அது பேசியது. ஃபோனை என்னிடம் நீட்டி, அடுத்தவன் பேசுவதைக் கேட்கப் பழகாத பிள்ளை, இதை நம்பி எப்படிப் புத்தகத்தைக் கொடுப்பது என்றார். தொண்டை வேறு வீணாகிப் போனதில் வருத்தம்.

இரண்டாவது கம்பெனிக்கு ஃபோனே கிடையாது. எழுதித்தான் கேட்க வேண்டும், ஏதோ ஒரு இயந்திரம் பதில் எழுதும். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, உங்கள் முதலாளிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டும் அவசரம் ஒரு குடும்பஸ்தனுக்குத்தான் புரியும் என்பது அவர் கணக்கு. மன்னிக்கவும், இந்தக் கேள்வி புரியவில்லை என்று வந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, சென்னையில் ஒரு கம்பெனி. ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். லைனில் ஏதோ இரைச்சல். அவள் கேட்டாள், “சார், சரியா கேக்கல. திரும்ப ஒருதடவ சொல்லுங்க.”

அண்ணாச்சி முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரும்பச் சொன்னார். அவள் மறுபடியும், “சார், புத்தகத்தோட பேரு மட்டும் இன்னொரு தடவ” என்றாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, திருப்பிச் சொல்லச் சொல்லுதாலே.”

அவ்வளவுதான். விலை, தாள், பங்கு எல்லாம் பறந்தது. என் வாழ்நாளில் என்னைத் திரும்பச் சொல்லு என்று கேட்ட முதல் ஆள் இந்தப் பிள்ளைதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நல்லவேளையாக அந்தக் கம்பெனி மற்ற விஷயங்களிலும் மோசமில்லை.

அந்தப் பிள்ளை தாள் மாதிரிகளைக் கூரியரில் அனுப்பி வைத்தாள். வழவழப்பு, வெள்ளை, லேசான மஞ்சள் என்று நாலைந்து துண்டுகள். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் என் கடையிலேயே வைத்து எடுங்கள் என்று நான் கெஞ்சியும் கேளாமல், அவற்றை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. ஐந்தருவியில் நல்ல சாரல். அண்ணாச்சி நடுப்பாதையில் நின்றுகொண்டு, கையை நீட்டி, ஒவ்வொரு தாளாகச் சாரலில் காட்டினார். சிப்ஸ் கடை, பழக்கடை, துண்டுக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். என்ன அண்ணாச்சி, தாளைக் குளிப்பாட்டுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். இங்கே புத்தகம் வாங்குகிறவன் ஈரக் கையோடுதானே பிரிப்பான், அதற்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா என்றார் இவர். அதில் நியாயம் இருப்பதாகக் கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பழக்கடைக்காரர், இதென்ன கேரளத்து மழை மாதிரி பொத்துக்கொண்டா ஊற்றுகிறது, சாரல்தானே, ஆளை நனைக்கும், அரிசியை நனைக்காது என்று ஒரு பழமொழியே சொன்னார். அது எந்த ஊர்ப் பழமொழி என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வெள்ளை சுருண்டது. லேசான மஞ்சள் தாள் மட்டும் வேட்டியில் துடைத்ததும் பழையபடி ஆனது. அதுவே தேர்வு. கம்பெனிக்காரர்கள் தரம் பார்க்க என்னென்னவோ இயந்திரம் வைத்திருப்பார்கள். ஐந்தருவி அவர்களிடம் இருக்காது.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் வினை என் கீபோர்டு வழியாக வந்தது.

அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். முதல் கதை, புனலூரிலிருந்து வந்து தொலைந்த கிழவர். நல்ல கதை. அடுத்த கதையும் புனலூர்க் கிழவர். சரி, வேறொரு கிழவராக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்ததும் அதே கிழவர். அப்போதுதான் புரிந்தது. மனிதர் புத்தகத்தையே மூன்று மூன்று தடவையாக எழுதியிருக்கிறார். முதலில் பதற்றம், பிறகு நிதானம், பிறகு மிரட்டல். மூன்றாம் தடவையில் வாசகரையே மிரட்டியிருந்தார். இந்தக் கிழவரை நினைத்துப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினால் நீங்கள் மனுஷனே இல்லை என்கிற அளவுக்கு.

அடித்து முடித்தபோது ஆயிரம் பக்கத்தைத் தாண்டியிருந்தது. கம்பெனியில் எழுநூறு பக்கத்துக்கு மேல் கட்ட முடியாது, புத்தகத்தின் முதுகு பிளந்துவிடும் என்றார்கள். கூடுதலாகக் கட்டுகிறவன் வெளிநாட்டில் ஒருவன் இருந்தான். அவன் அடித்துக் கப்பலேற்றி இங்கே வந்து சேர்வதற்குள் ஆவணி, புரட்டாசி எல்லாம் போய்விடும். சென்னைப் பிள்ளை ஒரு யோசனை சொன்னாள். மூன்று பாகமாகப் போட்டால் என்ன?

அண்ணாச்சி துள்ளினார். அருமை, முதல் பாகத்தில் எல்லாவற்றையும் ஒருதடவை சொல்லுவோம், இரண்டாம் பாகத்தில் அதையே இன்னொரு தடவை சொல்லுவோம், மூன்றாம் பாகத்தில் மறுபடியும் என்றார். முதன்முறையாக, அந்தப் பிள்ளை திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

ஆடி முடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். நாளைக்குள் ஃபைல் வந்தால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் படித்து முடிக்கிற மாதிரி புத்தகம் கைக்கு வரும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அண்ணாச்சி குரலோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. நான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கதையையும் ஒரே தடவை வைப்போம் அண்ணாச்சி, இல்லையென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு பார்ப்போம்.

“படிக்கிறவன் மண்டைக்குள்ளயும் ஒரு அருவி விழுந்துகிட்டுத்தாம்லே இருக்கு. ஒரு தடவ சொன்னா எப்படிக் கேக்கும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தார். பின்னால், மாமியாரிடம் மாட்டிக்கொண்ட ராஜபாளையத்து மருமகன் மாதிரி அண்ணாச்சி. மதினியை நான் அதற்கு முன்னால் கடைப்பக்கம் பார்த்ததே இல்லை.

“நேத்து வந்ததுல இருந்து இவுக ஒரு வார்த்த பேசல தம்பி. டாக்டரு சொல்லுக்கு வாய மூடுத ஆளு இவுக இல்ல. என்னவும் ஆயிப்போச்சோன்னுதான் வந்தேன்” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆயிரம் பக்கம், எழுநூறு பக்கம், மூன்று தடவை. மதினி நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்தே பேசினார்.

“எங்க வீடு அருவிக்குக் கிட்டத்தான தம்பி. இவுக மைக்குல பேசுதது அங்கன நல்லாக் கேக்கும். பீடி சுத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். அருவி எவ்வளவு சத்தம் போட்டா என்ன, மொத தடவயே எனக்குக் கேட்டுரும். அடுத்த ரெண்டு தடவயும் சும்மா இவுக சத்தத்துக்காவக் கேக்கது.”

அண்ணாச்சி தலையைத் தூக்கி மதினியைப் பார்த்தார். இத்தனை வருடமாகத் தன் பேச்சு எடுபடாத ஒரே காது என்று அவர் எதை நினைத்திருந்தாரோ, அந்தக் காது சீசனுக்குச் சீசன் வீட்டிலிருந்து அவரைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

“நீ சொல்லவே இல்லயேட்டி” என்றார்.

“நீங்க மூச்சு விட்டாத்தான சொல்லுததுக்கு.”

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அழிச்சிருலே. அவளுக்கு ஒரு தடவ போதும்” என்றார்.

எந்த ஒன்றை வைப்பது, எந்த இரண்டை அழிப்பது என்று அடுத்த தகராறு. முதலாவதுதான் உயிர் உள்ளது என்றார் அண்ணாச்சி. மதினி, ரெண்டாவதை வையுங்கள் என்றார். முதலாவதில் பதறுவார், மூன்றாவதில் கோபப்படுவார், ரெண்டாவதில்தான் வீட்டில் இருக்கிற மாதிரி இருப்பார் என்று காரணமும் சொன்னார். அன்று முழுக்க நாங்கள் அழித்தோம். அடித்த கைக்குத்தான் தெரியும் வலி. ஆனால் பதற்றமும் மிரட்டலும் போன பிறகு மிஞ்சியதைப் படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. புனலூர்க் கிழவர் தொலைந்தே போகவில்லை, மகன் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்காமல் ஒளிந்துகொண்டிருந்தார் என்பது இரண்டாம் தடவையில்தான் இருந்தது. அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஃபைல் போனதும் சென்னைப் பிள்ளை பயந்துபோய்க் கூப்பிட்டாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கம்தான் இருக்கிறதே, சரியான ஃபைல்தானா என்று. அண்ணாச்சி ஃபோனை வாங்கி, சரிதாம்மா என்றார். நான் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இரைச்சல் போலிருக்கிறது. திரும்பச் சொல்லுங்க சார் என்றாள். அண்ணாச்சி சந்தோஷமாகத் திரும்பச் சொன்னார்.

புத்தகம் வந்த அன்று நானே எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையைத் தடவிப் பார்த்தார். மதினி தட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படிங்க என்று மட்டும் சொன்னார். தலையைத் தூக்கவில்லை, கை பாட்டுக்கு இலையை உருட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி படித்தார். மைக் இல்லாமல், மெதுவாக, தொண்டைக்கு நோகாமல். அவர் அப்படிப் பேசி அந்தத் தெருவே கேட்டதில்லை. இடையில் ஒரு தடவை நிறுத்தி, கேக்கா என்றார்.

“கேக்குது. அந்தப் பிள்ளைக்கு வயசு நாலுன்னு போட்டிருக்கியளே. அஞ்சும் இல்லாம மூணும் இல்லாம. சரி, நாலாவே இருக்கட்டும். இனி மாத்தாதீங்க.”

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததாக மதினி சொன்னார். முடித்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மொதல்ல இருந்து படிங்கன்னேன் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை படித்தாராம்.

குரல் வந்தது. முழுக்க வரவில்லை. ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு சத்தம், பக்கத்தில் போனால்தான் தெரியும். மைக் முன்னால் உட்கார டாக்டர் விடவில்லை. புத்தகம் எப்போதாவது ஒன்று போகிறது. கொல்லத்திலிருந்து யாரோ ஒருவர் கேட்டால், ஒன்று அடிப்பான், அனுப்புவான். அந்தச் செய்தி என் ஃபோனுக்கு வரும். நான் சொல்லி அனுப்புவேன். அண்ணாச்சி பஸ் ஏறி வந்து, வாங்கியவர் பெயரைப் பார்த்து, இவர் எந்த வருடம் தொலைந்தவர் என்று யோசிப்பார்.

அவர் உள்ளே நுழைந்தால் நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிடுகிறேன், ஃபேனையும் நிறுத்திவிடுகிறேன். பள்ளிக்கூட அட்மிஷன் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள், வியர்க்கிறது என்கிறார்கள். வியர்க்கட்டும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோகிறேன்.